வெளிப்பக்கத் தாழ்மை

மார்ச் 4

தம்பிக்கு,

அந்தப் பெண்ணின் சாவில் உனக்குப் பங்கு இருக்கிறது. அது உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் உன் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி நேற்று எங்கள் மேனேஜருக்கு ஃபோன் செய்தாய். இந்த அச்சகத்தில் உன் புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறவள் உன் சொந்த அக்கா. அவளைத் தாண்டிப் போயிருக்கிறாய். அந்த மனிதர் என் மேஜைக்கு வந்து, "ஃபாதர் ஒரு பக்கத்தை மட்டும் வேண்டாம்னுட்டாரும்மா, ஏதோ மரியாதைக்காகவாம்" என்றார். யாருக்கு மரியாதை என்று அவருக்குத் தெரியவில்லை.

பக்கம் என் முன்னால் இருக்கிறது. நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், இன்னொரு தடவை படிக்கும்போதாவது உடம்பு கூசட்டும்.

"விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் முறையிட்டாள். தங்கள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள் என்றாள். அவள் தாழ்ப்பாளைக் கண்டாள். அதைப் போட்ட கையின் அன்பைக் காணவில்லை. துன்பத்தைக் கண்டதும் கடவுளைக் குற்றம் சொல்லும் நாமும் அவளைப் போன்றவர்களே. தாழ்மையுள்ள மனம் கதவைத் தட்டாது, காத்திருக்கும்."

அந்த "ஒரு பெண்" என் எதிரே உட்கார்ந்து மூலப்படியை உரக்க வாசித்துவந்தவள். அவள் வாசிப்பாள், நான் புரூஃபில் சரிபார்ப்பேன். கமா, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதால் அது அவள் வாயோடு ஒட்டிக்கொண்டது. கடையில் போய், "ரெண்டு டீ கமா ஒண்ணுல சர்க்கரை வேணாம் முற்றுப்புள்ளி" என்பாள். குரல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அதனால் அச்சகம் முழுக்க அவளுக்கு ஒலிபெருக்கி என்றுதான் பெயர்.

ஆறாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு நீ நேரில் வந்தாயே, அன்று அவள் உன் முன்னாலேயே வாசித்தாள். "தீமை என்பது தனித்த ஒரு பொருள் அன்று கமா நன்மையின் இன்மையே முற்றுப்புள்ளி." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஃபாதர், இன்மைன்னா இல்லாததுதானே?"

"ஆமாம்மா."

"எங்க ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல. வெளிப்பக்கம் இருக்கு. இதுல எது ஃபாதர் தீமை? இல்லாததா, இருக்கிறதா?"

நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "பிரமாதம். இதைப் புத்தகத்துல போட்டுடறேன்."

"புத்தகத்துல போட வேணாம் ஃபாதர். வார்டன் காதுல போடுங்க."

நீ புத்தகத்தில் போட்டாய். அந்த விடுதிக்கு நீ ஆலோசகர் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் வார்டன் எழுந்து நின்று கேட்பார். நீ சொல்லவில்லை.

போன மாதம் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் ஒயர் தீப்பற்றி, பழைய மெத்தைகள் புகைந்தன. மேலே ஒரே அறை, நான்கு பெண்கள். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல வெளியே தாழ் போட்டுவிட்டு வார்டன் ஜெபத்துக்குப் போயிருந்தார். மூன்று பேர் ஈரத் துணியை மூக்கில் வைத்துத் தரையோடு தரையாகப் படுத்தார்கள். ஒலிபெருக்கி கட்டிலை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினாள். அந்தக் கத்தல் தெருவுக்குக் கேட்டுத்தான் எதிர்க் கடைக்காரர்கள் ஓடி வந்து பெஞ்சால் இடித்துக் கதவைப் பெயர்த்தார்கள். படுத்தவர்கள் பிழைத்தார்கள். கத்தியவள் செத்துப்போனாள்.

அடக்கத்தன்று நீ என்ன பிரசங்கம் செய்தாய்? "தாழ்ந்து கிடந்தவர்களை ஆண்டவர் காத்தார். நின்றவளை ஏன் அழைத்துக்கொண்டார் என்று கேட்க நாம் யார்? நம் சிற்றறிவுக்கு எட்டுமா?" அவளுடைய அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். பெற்ற மகள் தாழத் தெரியாததால் செத்தாள் என்று அந்த அம்மாவை நம்பவைத்து ஊருக்கு அனுப்பினாய். இதற்கு அயோக்கியத்தனம் என்று பெயர். உங்கள் குருமடத்தில் தத்துவம் என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள் போலிருக்கிறது.

பக்கத்தை எடுக்க மாட்டேன். எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்று எனக்கு எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் கோபம் வந்தது. சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வாசித்தேன். இப்போது உன்மேல் இரக்கம்தான் இருக்கிறது. "அயோக்கியத்தனம்" போன்ற சொற்களை நீ எழுதவில்லை, உன் துக்கம் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னது இறந்தவளுக்குச் செய்யும் மரியாதைக்காகவே. உயிரோடு இருந்தபோது லேசாக இருந்த ஓர் உவமை, அவள் போன பிறகு உறுத்துகிறது. எழுதியவனுக்கு அதை நீக்கும் உரிமை உண்டு. உன் மேனேஜரிடம் பேசியது, உன்னை இந்தப் பக்கத்தோடு உட்காரவைக்க வேண்டாமே என்ற எண்ணத்தில்தான்.

இரண்டாவது, உவமை யாரையும் கொல்லாது. தாழ்ப்பாளை நான் போடவில்லை. நெருப்பை நான் வைக்கவில்லை.

மூன்றாவது, இதுதான் முக்கியம். உனக்குத் தீமைக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. வார்டனின் முகம், என் முகம். கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிட்டதாக நினைக்கிறாய். வார்டனைச் சிறையில் போடு, என்னைத் தெருவில் நிறுத்து. அதற்குப் பிறகும் கேள்வி அப்படியே இருக்கும். அந்த ஒயர் ஏன் அன்று பற்ற வேண்டும்? காற்று ஏன் மாடிப்பக்கம் அடிக்க வேண்டும்? மூன்று பேருக்கு மூச்சு இருந்தபோது ஒருத்திக்கு ஏன் நின்றது? இந்தக் கேள்விகளோடுதான் நான் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்கிறவர் ஒன்றை அனுமதித்தால் அதற்குக் காரணம் இருக்கலாம். அது நமக்குத் தெரியாமல் இருப்பதும் இயல்பே. "எனக்குத் தெரியவில்லை, ஆகவே காரணமே இல்லை" என்பது அறிவு ஆகாது, அகந்தை. தாழ்மை என்று நான் எழுதுவது இதைத்தான். அது கோழைத்தனம் இல்லை, அக்கா. மிகக் கஷ்டமான வேலை.

இன்னொன்று. சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். அவளை அந்த விடுதியில் சேர்த்துவிடச் சொல்லி எனக்கு எழுதியது யார்? "நல்ல கட்டுப்பாடான இடமாகப் பார், ஊர் சுற்றுகிற வயசு" என்று எழுதியது யார்? நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியத்தின் முடிவு நம் கையில் இல்லை என்பதற்கு உன்னையே உதாரணமாகக் காட்டுகிறேன்.

பக்கத்தை எடுத்துவிடு. உனக்குச் சங்கடமாக இருந்தால் வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்கும்படி மேனேஜரிடம் நானே சொல்கிறேன்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. சாவு வீட்டுக்குக்கூட நம்பர் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நீ ஒருவன்தான்.

உன் கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நீ கத்தியாக நினைத்துச் செருகியிருக்கிறாய். ஆமாம், நான்தான் எழுதினேன். கட்டுப்பாடான இடம் என்றுதான் எழுதினேன். வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பதை நினைத்து எழுதினேன். ஆளை வைக்காமல் இரும்பை வைத்தார்கள். தீயைப் பற்றி விசாரிக்கிற அதிகாரியிடம் இதைப் போன திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். "சேர்த்துவிட்டது நான்தான், போய்ப் பார்க்காதது என் தப்பு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்குப் பதினோரு வருடம் ஆகவில்லை.

இனி உன் புத்தகம். நேற்று ஒரு வேலை செய்தேன். ஒலிபெருக்கி ஆரம்பித்துவைத்த விளையாட்டு அது. மத்தியான நேரத்தில் தூக்கம் வந்தால், உன் மூலப்படியில் "தாழ்மை" வரும் இடத்தில் எல்லாம் "தாழ்ப்பாள்" என்று வாசிப்பாள். நான் பேனாவைத் தூக்கி எறிவேன். "அக்கா, தாழ்மையும் தாழ்ப்பாளும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே? எங்க ஹாஸ்டல்ல ரெண்டும் வெளிப்பக்கம்" என்பாள். அதற்கு வெளிப்பக்கத் தாழ்மை என்று பெயரும் வைத்திருந்தாள். நேற்று நான் தனியாக உட்கார்ந்து முழு அத்தியாயத்தையும் அப்படி வாசித்தேன். கேள்:

"கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில் தாழ்ப்பாள் நமக்குத் துணை நிற்கிறது."

"ஏழைகளிடம் நான் கண்ட தாழ்ப்பாள் கற்றவர்களிடம் இல்லை."

"தாழ்ப்பாளை இழந்த மனம் தன் அறையை விட்டு வெளியேறி அலைகிறது."

ஒரு வாக்கியம்கூட இடிக்கவில்லை. இத்தனை வருடம் பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு சொல்லை மாற்றினால் எங்காவது பொருள் முறிய வேண்டும். உன் புத்தகத்தில் முறியவே இல்லை.

ஒயர் ஏன் பற்றியது, காற்று ஏன் அடித்தது என்று நீ பெரிய கேள்விகளோடு உட்கார்ந்திரு. உன் கடவுள் ஏன் விட்டார் என்று நான் கேட்கவே இல்லை. போன கடிதத்தை எடுத்துப் பார். வார்டன் ஏன் தாழ் போட்டார், நீ ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். நீயோ கேட்காத கேள்விக்குப் புத்தகம் எழுதி, கேட்ட கேள்வியை அதற்குள் ஒளித்துவிட்டாய். ஆண்டவரின் காரணம் நமக்கு எட்டாது, சரி. வார்டனின் காரணமும் எட்டாதா? மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டால் எட்டும். அந்த வார்டன் அம்மாளை எதற்காக ஆண்டவர் நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தாய்? புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து கடவுளைக் கேள்வி கேட்ட ஒருவரின் கதை உங்கள் வேதத்தில் இருக்கிறது. நீட்டி நீட்டி ஆறுதல் சொன்ன சினேகிதர்களும் இருக்கிறார்கள். கடைசியில் கடவுளிடம் திட்டு வாங்கியது கேள்வி கேட்டவரா, அந்தச் சினேகிதர்களா என்று பார்த்துக்கொள்.

தாழ்மையுள்ள மனம் கதவைத் தட்டாதாம். எட்டு வயதில் குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டபோது நீ கதவைக் காலால் உதைத்து, "நான் சாகப்போறேன், நான் சாகப்போறேன்" என்று தெருவையே கூட்டினாய். நான்தான் வெளியே நின்று, "மேலே தூக்கி இழு, மேலே தூக்கி இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று உன்னிடம் யாரும் சிற்றறிவு பற்றிப் பேசவில்லை.

இப்போது நடப்பதைத் தெரிந்துகொள். விடுதியில் பழைய கதவை எடுத்து எங்கோ போட்டுவிட்டார்கள். புதுக் கதவு, உள்பக்கம் பளபளவென்று தாழ்ப்பாள். எப்போதும் உள்பக்கம்தான் இருந்தது, பதற்றத்தில் பெண்களுக்குத் திறக்க வரவில்லை என்று வார்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிழைத்த மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறார்கள். புகையில் கண் தெரியாமல் கதவை இடித்த கடைக்காரர்கள் தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை. எனக்கு அவள் சொன்னதுதான் தெரியும், நான் மாடி ஏறியதில்லை. "தீக்கு முன்னால வெளித் தாழ்ப்பாளைத் தன் கண்ணால பார்த்தவங்க ஒருத்தராவது வேணும்மா" என்கிறார் அதிகாரி. இல்லாவிட்டால் அவள் தன் பதற்றத்தால் செத்ததாகக் கோப்பை மூடுவார்கள்.

நீ ஆலோசகர். அங்கே போய் வந்திருக்கிறாய். பார்த்தாயா, இல்லையா?

அக்கா


மார்ச் 18

அக்கா,

நான் சும்மா இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் சொன்ன வாரமே விடுதிக்குப் போனேன். வார்டனிடம் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "வாங்க ஃபாதர், நீங்களே வந்து பாருங்க" என்று மாடிக்கு அழைத்துப் போனார். அறை சுத்தமாக இருந்தது. நான்கு கட்டில், நான்கு பெட்டி, ஜன்னலுக்குக் கம்பி. தாழ்ப்பாள் வெளியேதான் இருந்தது. நான் அதை என் கையால் இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள், சத்தமே வரவில்லை. அதிலிருந்த அக்கறையைத்தான் நான் அந்தப் பக்கத்தில் எழுதினேன்.

"ஏதாவது அவசரம்னா?" என்று கேட்டேன்.

"நான் கீழேதானே ஃபாதர் இருக்கேன்? பொண்ணுங்க விஷயம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர் வாயை நீங்களா மூடுவீங்க? நீங்க தத்துவத்தைப் பாருங்க, இதை நாங்க பாத்துக்கிறோம்."

அவர் இருபது வருடமாக விடுதி நடத்துகிறவர். நான் புத்தகம் படிக்கிறவன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு இறங்கி வந்தேன். அதில் எந்த இடத்தில் பாவம் இருக்கிறது, சொல். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவரிடம் சத்தம் போட்டிருந்தால் நீ மெச்சியிருப்பாய். நான் அப்படி வளரவில்லை.

சாட்சி சொல்வதைப் பற்றி. எங்கள் குருமட அதிபர் என்னை அழைத்துப் பேசினார். விடுதி தொடர்பாக மறைமாவட்டத்தின் சார்பில் வக்கீல் மட்டுமே பேச வேண்டும், வேறு யாரும் தனித்துப் பேசக் கூடாது என்றார். கீழ்ப்படிதல் நான் குருவானபோது கடவுள் முன் கொடுத்த வார்த்தைப்பாடு. அதை எனக்குச் சௌகரியமான நாளில் மட்டும் காப்பாற்ற முடியாது.

நீ ஒன்றைக் கேட்டுக்கொள், அக்கா. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது உன் வேலை. அதையே நீ மனசாட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீயாக ஒரு வரி எழுதியதில்லை, சிவப்பு மைதான் தெரியும். உன் ஏளனம் ஒரு நாற்காலி. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் கீழே பார்க்கிறாய். முழங்காலில் இருப்பவன் உனக்குக் கோழையாகத்தான் தெரிவான். உன்னையும் ஒரு நாள் வாழ்க்கை தாழ்த்தும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். குழந்தைக்கு ஊசி போடும் மருத்துவர் பற்றிய உவமை. மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன். உன்னைச் சிரமப்படுத்தவில்லை.

தம்பி


மார்ச் 21

தம்பி,

நீ கேட்கவே இல்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். நீ போயிருக்கிறாய். கேட்டிருக்கிறாய். உன் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறாய். எண்ணெய் போட்டிருந்ததாம்.

தெரியாமல் இருந்திருந்தால் உன்னை முட்டாள் என்று விட்டிருப்பேன்.

"ஏதாவது அவசரம்னா?" சரியான கேள்விதானே கேட்டிருக்கிறாய்? உன் வாழ்க்கையில் நீ கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. அதற்கு அந்த அம்மாள் ஊர் வாயைப் பற்றிப் பதில் சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று தத்துவ வாத்தியாருக்குத் தெரியவில்லையா? உன் மாணவன் பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போடுவாயா? ஒரு வார்டன் அதட்டியதும் வாயை மூடிக்கொண்டு படி இறங்கியதற்குப் பெயர் பயம். அதைத் தாழ்மை என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாய், அந்தப் பெண்ணையே முணுமுணுக்கிறவள் ஆக்கி. அவளைத்தான் நீ தாழ்த்தினாய். நீ தாழவே இல்லை.

என்னை வாழ்க்கை தாழ்த்தும் என்று சாபம் கொடுத்திருக்கிறாய். பார்த்தாயா, உனக்குத் தெரிந்த தாழ்மை எல்லாம் வெளியிலிருந்து போடுவதுதான்.

அவளுடைய அம்மா நேற்று அச்சகத்துக்கு வந்தார். மகளின் சாப்பாட்டு டப்பா இங்கே இருந்தது, வாங்கிக்கொள்ள வந்தார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ படுத்திருந்தா பொழைச்சிருப்பா இல்லம்மா? சின்னதிலேர்ந்து அடங்க மாட்டா" என்றார். உன் பிரசங்கம் நன்றாக வேலை செய்கிறது. நான், "அவ நின்னதாலதான்மா மத்த மூணு பேர் இருக்காங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஃபாதர் அப்படிச் சொல்லலையே" என்றார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணை. வந்து ஒரு வாக்கியம் சொல். "தாழ்ப்பாள் வெளியே இருந்தது, நான் பார்த்தேன்." கமா ஒன்று, முற்றுப்புள்ளி ஒன்று. அப்புறம் அந்த அம்மா வீட்டுக்குப் போய் உன் பிரசங்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா. இதற்குப் புத்தகம் தேவையில்லை.

அக்கா


மார்ச் 25

அக்கா,

அதிபர் என்னை ஒரு மாத மௌன தியானத்துக்கு அனுப்புகிறார். நாளை போகிறேன். அங்கே கடிதப் போக்குவரத்து கிடையாது. மிக அவசரமானதை மட்டும் தியான இல்லத்தின் பொறுப்பாளர் கொடுப்பார். இது தண்டனை என்று நீ நினைப்பாய். நான் வரமாக ஏற்றுக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதிய சிலவற்றை எழுதாமல் இருந்திருக்கலாம். விடுதி விஷயமாக எழுதியது நமக்குள் இருக்கட்டும்.

உன்னை நான் வெறுக்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

மிக அவசரம் என்று உறைமேல் எழுதியிருக்கிறேன். பொறுப்பாளர் கொடுப்பார்.

இரண்டாம் தேதி நீ வரவில்லை. "நமக்குள் இருக்கட்டும்" என்று கேட்டிருந்தாய். நமக்குள் என்று எதுவும் மிச்சம் இல்லை, அதனால் உன் மார்ச் 18 கடிதத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். ஒளித்துச் செய்யவில்லை, உன்னிடமே சொல்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். முடிந்தது, இனி ஒலிபெருக்கியை யாரும் பதற்றக்காரி என்று எழுத முடியாது என்று நினைத்தேன்.

உங்கள் வக்கீல் எழுந்தார். உன் புத்தகம் அவர் கையில் இருந்தது. புத்தகம் வந்துவிட்டது தெரியுமா? நல்ல அட்டை.

"ஐயா, இவர் ஒரு தத்துவ ஆசிரியர். இவர் எழுத்து முழுக்க உவமைதான். இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க, விளக்கு, விதை, ஊசி, எதுவுமே நிஜம் இல்ல. அக்கா தம்பிக்குள்ள ஏதோ வேதாந்தச் சண்டை. தாழ்ப்பாள்னு எழுதினதும் அந்த மாதிரிதான்."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். "எழுதினவர் வந்து இது நிஜத் தாழ்ப்பாள்னு சொன்னா எடுத்துக்கிறேன்மா. எழுத்து மூலமா அனுப்பினாலும் போதும். இந்த மாசக் கடைசி வரைக்கும் கோப்பைத் திறந்து வைக்கிறேன்" என்றார்.

பதினோரு வருடம் உட்கார்ந்து நீ கட்டியது இதுதான். நீ நிஜத்தைச் சொன்னாலும் இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

புதுப் பக்கத்தை வாசித்தேன். என்னிடமிருந்து பிடுங்கி யாரிடமோ கொடுத்த வேலை எப்படி முடிந்திருக்கிறது தெரியுமா? குழந்தை அழுகிறது, டாக்டர் ஊசி போடுகிறார், அம்மா பிடித்துக்கொள்கிறார். கடைசி வரி மட்டும் பழைய பக்கத்திலிருந்து அப்படியே தங்கிவிட்டது. "தாழ்மையுள்ள மனம் கதவைத் தட்டாது, காத்திருக்கும்." எந்தக் கதவு? ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற இடத்தில் கதவு எங்கிருந்து வந்தது? வாசிக்கிறவன் தலையைச் சொறிவான். ஆயிரம் பிரதியிலும் இருக்கிறது. கதவை எடுத்துவிட்டாய், தட்டுகிற சத்தத்தை எடுக்கத் தெரியவில்லை உனக்கு.

என்னை இப்போது மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டுகளைத் திருத்தும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நிம்மதியான வேலை. எவ்வளவு, எத்தனை வேளை, யாருக்குக் கூடாது. உவமையே கிடையாது. உரக்க வாசிக்க ஆள் இல்லை, நானே வாசித்து நானே திருத்துகிறேன்.

மாசக் கடைசி என்றார். எழுது.

அக்கா


ஏப்ரல் 15

தம்பி,

பொறுப்பாளருக்கு ஃபோன் செய்தேன். கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகச் சொன்னார். நீ நின்றுகொண்டே வாசித்தாயாம், மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டாயாம், தோட்டத்துப் பக்கம் போய்விட்டாயாம். "ரொம்ப ஆழ்ந்த தியானத்துல இருக்காரும்மா" என்றார்.

ஆழத்திலேயே இரு. எனக்குப் பிரசங்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். விடுதியிலிருந்து ஒரு பெண் நேற்றுத் தெருவில் என்னைப் பார்த்துவிட்டு, தாண்டிப் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "அக்கா, கீழ் ரூமுக்கும் வெளியே போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இப்போதும் போட்டிருக்கிறார்கள். மாடிக் கதவுக்கு மட்டும்தான் புதுத் தாழ்ப்பாள், அதிகாரிக்குக் காட்டுவதற்கு. இதற்கும் ஆண்டவரிடம் காரணம் கேட்கப் போகிறாயா?

அக்கா


ஏப்ரல் 24

தம்பி,

பதில் இல்லை. மௌனத்தில் இருப்பவன் பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று சட்டம் இருக்கலாம். அதனால் நீ ஒரு எழுத்துகூட எழுதத் தேவையில்லாதபடி செய்திருக்கிறேன்.

உள்ளே ஒரு அஞ்சலட்டை இருக்கிறது. அதிகாரியின் விலாசத்தை நானே எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். பின்பக்கம் ஒரே வரி. புரூஃப் பார்ப்பதுபோலத்தான், இதற்குத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பேனாவை எடுத்து ஒரு கோடு இழு, கீழே கையெழுத்துப் போடு, தோட்டத்துக்குப் போகிற வழியில் தபால் பெட்டி இருக்குமே, அதில் போடு. முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

வரி இதுதான்:

நான் கையால் இழுத்துப் பார்த்த தாழ்ப்பாள்: உவமை / இரும்பு. தவறானதை அடிக்கவும்.